அம்மா கிணற்றை மூடிக் கக்கூஸ் கட்டிய வருடம்

என் வயதுக்காரிகளே, இப்போது நாம் எங்கே கூடினாலும் முதலில் முழங்கால் வலி, பிறகு சீனி வருத்தம், கடைசியில் பிள்ளைகள் கட்டும் வீடு என்றுதான் கதை போகிறது. போன மாதம் ஒரு வீடு குடிபூரலுக்குப் போனோமே, அறைக்கு ஒரு குளியலறை என்று அந்த வீட்டு மருமகள் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். நீங்கள் எல்லாரும் சுவரில் பதித்த மாபிள் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் பின்வளவுக்குப் போய், மலக்குழி எங்கே வைத்திருக்கிறார்கள், அயல்வீட்டுக் கிணறு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரியுங்கள். அந்தக் குழியை எங்கே வைப்பது என்பதில் கூடப்பிறந்த இரண்டு பேர் பேச்சை முறித்துக்கொண்டதை நான் பத்து வயதில் பார்த்தவள்.

ஆரையம்பதியில் வாவிக்கரைக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் வளவு. வாவி என்பது பள்ளிக்கூடத்துச் சொல். எங்களுக்கு அது ஆறு. வளவு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, பக்கத்து வளவு பெரியம்மாவுக்கு. மூத்தவளுக்கு அகலமான துண்டு, இளையவளுக்கு நீளமான துண்டு. நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஓர் ஆள் நுழையக்கூடிய இடைவெளி விட்டிருந்தார்கள், அதைக் கடப்பு என்போம். உப்பும் கறிவேப்பிலையும் நெருப்புக் கொள்ளியும் அந்தக் கடப்பால்தான் போய்வரும். மீன் காய்ச்சினால் ஒரு கோப்பை அங்கே போகும். போன கோப்பை வெறுமனே திரும்பாது.

அந்த ஒழுங்கையில் அப்போது ஒரு வீட்டிலும் கக்கூஸ் இல்லை. ஆண்கள் கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். பெண்களுக்கு ஆற்றங்கரைச் சேற்றில் அடர்ந்து நின்ற கண்ணாப் பற்றை. விடியுமுன் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு இரண்டு மூன்று பேராகப் போவோம். கண்ணா வேர்களில் மட்டி ஒட்டியிருக்கும், மிதித்தால் காலைக் கிழிக்கும். சேறு அவித்த முட்டைபோல மணக்கும். ஆனாலும் அங்கே ஊர்ப் புதினம் முழுவதும் கதைத்து முடித்துவிட்டுத்தான் பெண்கள் திரும்புவார்கள். எனக்கு அந்த நேரம் பிடிக்கும்.

போர் தொடங்கிச் சில காலத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இராணுவம் காவலரண் போட்டது. மண்மூட்டையும் தென்னங்குற்றியும் அடுக்கி, மேலே தகரம் போட்டார்கள். சென்றி என்று நாங்கள் சொல்வோம். போட்ட மறுகிழமையே பார்வைக்கு மறைக்கிறது என்று கண்ணாப் பற்றையை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். கரை மொட்டையாகிவிட்டது. எங்கள் குசினி வாசலில் நின்றால் தகரத்தின் கீழே தலை அசைவது தெரியும். எங்களுக்கு அவர்கள் தெரிந்தால் அவர்களுக்கு நாங்கள் தெரியாமல் இருப்போமா?

அதற்குப் பிறகு பெண்கள் என்ன செய்தார்கள் என்று ஓர் ஆணும் கேட்கவில்லை. என் அப்பா சங்கக்கடையில் மனேச்சர். அரிசி வருமா, மா வருமா, வழியில் மறிப்பார்களா என்பதே அவருக்குப் பெரிய யோசனை. அம்மா ஒரு பழைய வாளியும் சாம்பலும் வைத்து எனக்கு ஒரு வழி செய்து தந்தாள். பதினேழு வயது அக்கா வாளிப் பக்கமே போகமாட்டேன் என்றாள். காலையில் தேத்தண்ணி வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் தண்ணி வேண்டாம் என்றாள். இருட்டியபிறகு யாரையாவது கூட்டிக்கொண்டு வேலியோரம் போவாள், அதுவும் ஊரடங்கு இல்லாத நாளில். ஒரு நாள் காய்ச்சலோடு வந்து படுத்தாள். இரவெல்லாம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

ஆசுபத்திரியில் பெண் டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை, அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னாள்.

“தண்ணி குடியாம, அடக்கி அடக்கி வெச்சதால வந்த வருத்தமாம். இன்னொருக்கா வந்தா சிறுநீரகத்தப் பிடிக்குமாம்.”

அப்பா திகைத்துப்போனார். “அப்ப இத்தின மாசமா நீங்கெல்லாம் எங்க போனீங்க?”

“இப்பத்தான் கேக்கிறீங்க,” என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “மழைக்கு முதல் கக்கூஸ் கட்டி முடிக்கணும். அவ்வளவுதான்.”

கட்டுவது என்று முடிவெடுப்பது இலகு. எப்படிக் கட்டுவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கிணற்றுக்கு இறக்குவதுபோல சீமெந்துக் கொட்டுகளை, வளையம் வளையமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஆழத்துக்கு இறக்கிவிட்டால் போதும் என்றார்.

“ஆயுளுக்கும் நிரம்பாது அக்கா. பட்டணத்தில கனபேர் அப்பிடித்தான் வெச்சிரிக்காங்க.”

“நிரம்பாட்டி, உள்ள போறது எங்கடா போகுது?” என்று அம்மா கேட்டாள்.

எங்கள் நிலம் மணல். முழங்கை ஆழம் தோண்டினாலே ஈரம், இன்னும் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். எங்கே போகும் என்பது மாமாவுக்கும் விளங்கிவிட்டது.

அப்பா, நாலு பக்கமும் அடியும் பூசிய பெரிய தொட்டி கட்டி, நிரம்பும்போது பட்டணத்திலிருந்து பவுசர் லொறியைக் கூப்பிட்டு இறைப்போம் என்றார்.

“பவுசர் இத்தின சென்றியும் தாண்டி இந்த ஒழுங்கைக்குள்ள வரும் எண்டு நம்புறீங்களா? அரிசி லொறியே வருகுதில்ல.”

மூன்றாவது கட்சி, சுகாதாரக் கந்தோரிலிருந்து சைக்கிளில் வந்த ஐயா. வெள்ளைக் காற்சட்டை, தோளில் கன்வஸ் பை, பையில் அளவுநாடா. தொட்டியை இரண்டு அறையாகக் கட்டவேண்டும் என்றார். முதல் அறையில் கனமானது அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் இரண்டாம் அறைக்குப் போகும், அங்கிருந்து குழாய்வழியாகக் கல் நிரப்பிய உறிஞ்சு குழிக்குப் போய் மணலில் வடியும். தொட்டியைப் பாதி மண்ணுக்குள்ளும் பாதி மண்ணுக்கு மேலும் வைக்கவேண்டும்.

“மாரிக்கு ஆறு ஏறி வருமே ஐயா, அப்ப என்ன நடக்கும்?” என்று அம்மா அவரையும் விடவில்லை.

“அதுக்குத்தான் உசத்திக் கட்டச் சொல்றன். கக்கூஸ் வீட்டத் திட்டிக்கு மேல வெச்சுப் படி வையுங்க. தாழக் கட்டினீங்களெண்டா மாரியில கோப்பைக்குள்ளால தண்ணி மேல வரும்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “சரி. ஐயா சொல்றதுதான் சரி,” என்றாள். கந்தோரால் கக்கூஸ் கோப்பையும் கொஞ்சச் சீமெந்தும் தருவார்கள் என்றும் ஐயா சொன்னார். மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு.

பிறகுதான் அளவுநாடாவை எடுத்தார். எந்தக் கிணற்றிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி இருக்கவேண்டும். எங்கள் கிணறு நீளவளவின் நட்டநடுவில். ஐம்பது அடி அளந்தால் ஒன்றில் ஆற்றோரப் பள்ளம், அது சென்றிக்கு நேரே, மாரியில் தண்ணிக்குள். மற்றது ஒழுங்கையோர மூலை. நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நான்தான் அந்த மூலையில் நின்ற முருங்கை மரத்தடிக்குப் போனேன். அங்கே நிமிர்ந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் கிணற்றுக் கட்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கிணற்றடியில் பெரியம்மா.

“என்ன புள்ள அளக்கிறாய்?”

நான் சொன்னேன். அவ்வளவுதான். வாளியைப் போட்டுவிட்டு வேலியருகே வந்தாள்.

“தங்கச்சி! உன்ட பீயக் கொண்டுவந்து என்ட கிணத்துக்குள்ள விடப்போறியா? உனக்கு வேற இடம் கிடைக்கல்லியா?”

“அளந்துதானே பாக்கிறம் அக்கா. ஏன் சத்தம் போடுறீங்க?”

“அளக்கக்குள்ளயே சத்தம் போடாட்டி, கட்டி முடிஞ்சாப் பிறகா போடுற?”

அதற்குமேல் இரண்டு பேரும் சொன்னதை எல்லாம் எழுதவேண்டியதில்லை. சீதனப் பங்கில் தொடங்கி, யாருடைய கலியாணத்துக்கு எந்த நகை போனது என்பது வரைக்கும் வந்தது. சுகாதார ஐயா நாடாவைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி மெல்லப் போய்விட்டார். அன்று பின்னேரம் பெரியம்மா இலந்தை முள் வெட்டி வந்து கடப்பை இறுக்கிக் கட்டினாள். முள்ளை இழுத்துக் கட்டும் சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

கொஞ்ச நாள் அம்மா வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு காலை எங்கள் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தபடி அப்பாவைக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்க, இந்தக் கிணத்த மூடுவம்.”

அப்பா சிரித்தார், பகிடி என்று நினைத்து. அம்மா சிரிக்கவில்லை.

“இது இல்லாட்டி குசினிக்குப் பின்னால கட்டலாம். அக்காட கிணறு அங்கயிருந்து தாராளமாத் தூரம். தோண்டுற மண்ணையும் இதுக்குள்ளயே போடலாம்.”

“விசர்க் கதை கதைக்காத. இது உன்ட அப்பா தோண்டின கிணறு. தண்ணி இனிக்கிற கிணறு. ஆரும் கிணத்த மூடுவாங்களா?”

“எனக்குத் தண்ணி வேணுமெண்டு அவர் தோண்டினவர். இப்ப என்ட புள்ளைக்கு வேண்டியது வேற.”

“தண்ணிக்கு எங்க போவாய்?”

“அக்காட்டப் போவன்.”

“அவ தருவாவா?”

“கதைக்க மாட்டா. தண்ணி தருவா.”

எங்கள் கிணற்றில் பூச்சி புழு தின்ன விட்ட மீன்கள் இருந்தன. நானும் மாமாவும் வாளியால் தண்ணியை இறைத்து, அவற்றைப் பிடித்து ஆற்றில் கொண்டுபோய் விட்டோம். இருட்டிலேயே வாழ்ந்த மீன்கள். வெயில் பட்டதும் கொஞ்ச நேரம் கரையோரத்திலேயே சும்மா நின்றன. அம்மா மஞ்சள் தண்ணி தெளித்து, கிணற்றுக் கட்டின்மேல் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டாள். கப்பியைக் கழற்றிக் கோழிக்கூட்டின்மேல் வைத்தார் அப்பா. எண்ணெய் காய்ந்த மரக் கப்பி, கயிறு ஓடி ஓடி நடுவில் பள்ளம் விழுந்தது. அது பிறகு எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை அம்மா இடுப்பில் குடத்தோடு ஒழுங்கையால் சுற்றிப் பெரியம்மாவின் வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பெரியம்மா எங்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குடத்தை வாங்கி, ஒருதரம் கழுவி, தானே அள்ளி நிரப்பி, கட்டின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஒவ்வொரு காலையும் அப்படியே நடந்தது. அம்மா சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. சூடான காற்று, மணலை அள்ளிக் கண்ணில் அடிக்கும். அந்தக் காற்றுக்குள் அப்பாவும் மாமாவும் குழி தோண்டினார்கள். விளிம்பு சரிந்து சரிந்து விழ, தென்னங்குற்றிகளை அண்டை கொடுத்தார்கள். மண்ணை நானும் அக்காவும் கூடையில் சுமந்து கிணற்றில் கொட்டினோம். முதல் கூடைகள் விழுந்தபோது கிணறு குளுக் குளுக் என்றது. பிறகு சத்தம் அடங்கிவிட்டது. மேசன் வந்து அடிக்குக் கொங்கிறீற் போட்டு, கல் வைத்துச் சுவர் எழுப்பினார். நனைந்த சீமெந்தின் மணம் வீட்டுக்குள் சோற்றிலும் வந்தது.

சுவர் இடுப்பளவு வந்த ஒரு காலையில் ஆமிக்காரர் வந்தார்கள். அன்று மேசன் வரவில்லை. நாலைந்து பேர், முன்னால் ஓர் அதிகாரி. சென்றியிலிருந்து நாட்கணக்காகப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். மாமா தொட்டிக்குள் நின்றார், உடம்பெல்லாம் சேறு. அவரை மேலே ஏறச் சொல்லி முழங்காலில் இருத்தினார்கள். அப்பா கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். வேட்டி காற்றில் படபடத்தது.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். “இது என்ன? பங்கரா?”

“இல்ல சேர், இல்ல சேர்,” என்றார் அப்பா.

“மண் எங்க? இவ்வளவு பெரிய குழி. மண் எங்க?”

அம்மா கிணற்றைக் காட்டினாள். அதுதான் பெரிய பிழையாகிவிட்டது. அதிகாரி போய் எட்டிப் பார்த்தார். விளிம்புவரை புது மண்.

“நல்ல கிணறு மூடுறது ஏன்? உள்ளுக்கு என்ன போட்டது?”

கிணற்றை ஏன் மூடினோம் என்பதை எங்கள் ஊராருக்கே விளங்கப்படுத்த முடியவில்லை, அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஒரு ஆமிக்காரன் மாமாவின் கைகளைப் பின்னால் பிடித்தான். அந்த நாட்களில் அப்படிப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை. அக்கா என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

“கக்கூஸ்!” என்றாள் அம்மா, உரக்க. “சேர், கக்கூஸ்!”

சிங்களத்திலும் அது கிட்டத்தட்ட அதே சொல் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் தங்களுக்குள் “கக்குஸ்ஸியலு”, கக்கூஸாம், என்று சொல்லிச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நம்பவுமில்லை.

அம்மா வீட்டுக்குள் ஓடினாள். வைக்கோலும் சாக்கும் சுற்றி வைத்திருந்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, சாக்கை உரித்து மணலில் வைத்தாள். வெயிலில் அது பளீரென்று வெள்ளையாக மின்னியது. பிறகு அம்மா செய்ததை நான் எங்கே நின்று பார்த்தேனோ அந்த இடம் இப்போதும் என் உள்ளங்காலுக்குத் தெரியும். சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, கோப்பையின் இரண்டு பக்கமும் கால் வைத்து, அத்தனை ஆமிக்காரருக்கும் முன்னால் குந்தி இருந்தாள். தலை குனியவில்லை. அதிகாரியை நேரே பார்த்தாள்.

“இதுக்கு,” என்றாள். “நானும் என்ட புள்ளையளும் இதுக்கு இருக்கிறதுக்கு.”

வேலிப் பக்கம் சரசரவென்று ஒரு சத்தம். துவக்குகள் அந்தப் பக்கம் திரும்பின. பெரியம்மா வெறும் கையால் முள்ளைப் பிய்த்துக்கொண்டு கடப்பால் வந்தாள். கையில் இரத்தம். ஒருவரையும் பார்க்காமல் நேரே வந்து, அம்மாவுக்கும் ஆமிக்காரருக்கும் நடுவில் நின்று, தன் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துத் திரைபோலப் பிடித்தாள்.

“இது என்ட தங்கச்சி,” என்றாள். “பாத்தது போதும். அங்கால திரும்புங்க.”

அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் திரும்பினார். முதலில் அதிகாரி, அவரைப் பார்த்து மற்றவர்கள். கொஞ்ச நேரம் எங்கள் வளவில் அத்தனை துவக்கும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு நீளமான ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவரச் சொல்லி, கிணற்று மண்ணில் பல இடத்தில் குத்திப் பார்த்தார்கள். மண்தான். மாமாவை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் ஒழுங்கை திரும்பிய பிறகுதான் அம்மா எழுந்தாள். கால் விறைத்து, எழ முடியாமல் பெரியம்மாவின் தோளைப் பிடித்தாள். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். பெரியம்மாவின் கையிலிருந்து அம்மா முள் எடுத்தாள்.

“கிணத்த மூடுமட்டும் ஒரு வார்த்தை கேட்டியாகா நீ?” என்றாள் பெரியம்மா.

“நீங்க முள்ளுக் கட்டினீங்களே.”

“முள்ளுத்தானே கட்டினன். என்ட வளவில பின்மூலை சும்மா மேடாக் கிடக்கு. ரெண்டு கிணத்துக்கும் தூரம். கேட்டிருந்தா, அங்க கட்டு, ரெண்டு பேருக்கும் பொதுவா இரிக்கட்டும் எண்டு சொல்லியிருப்பன்.”

அம்மா மூடிய கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “சரி, கட்டினது கட்டினதுதான். இதையே பொதுவா வெச்சிருப்பம்,” என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். இன்று யோசித்தால், அப்பா உட்பட அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு நாடா பிடித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. இன்னொன்று: ஒவ்வொரு கிணற்றுக்கும் அடி அளந்தோம், ஆற்றுக்கு ஒருவரும் அளக்கவில்லை. அந்த மணலில் வடிந்தது எல்லாம் எங்கே போயிருக்கும்? அந்த ஆற்று இறாலைத்தான் நாங்கள் பொரித்துத் தின்றோம்.

மழைக்கு முன்னரே வேலை முடிந்தது. தொட்டிக்கு மூடி போட்டார்கள், உறிஞ்சு குழிக்குக் கல் நிரப்பினார்கள். திட்டியின்மேல் தகரக் கூரையோடு கக்கூஸ் எழும்பி நின்றது, ஐந்தாறு படி ஏறவேண்டும். ஒழுங்கையால் போனவர்கள் இதென்ன கோயிலா என்று பகிடி பண்ணினார்கள். அந்த மாரியில் ஆறு ஏறி குசினி வாசல்வரை வந்தது. பகிடி பண்ணியவர்களின் பெண்கள் முழங்கால் தண்ணீரில் எங்கள் வளவுக்கு வந்து, படியில் வரிசையாக நின்றார்கள். அம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. அப்பா எத்தனையோ வருடத்துக்குப் போதும் என்று சொன்ன தொட்டி அடுத்த வருடமே நிரம்பியது. அதற்கும் ஒரு வழி பார்த்தோம்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த முதல் காலையைத்தான். சீமெந்து நன்றாகக் காய்ந்துவிட்டது, பாவிக்கலாம் என்று மேசன் சொல்லிவிட்டுப் போன மறுநாள். நன்றாக விடிந்துவிட்டது. பெரியம்மாவும் வந்திருந்தாள். யார் முதலில் போவது என்று கேள்வியே இல்லை. அம்மா வாளியில் தண்ணி நிரப்பி அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா படி ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். புதுத் தாழ்ப்பாள், இறுக்கம். இரண்டு தரம் தள்ளித்தான் விழுந்தது.

நாங்கள் கீழே நின்றோம். நேரம் போனது. சென்றியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அவசரம், ஒரு காலில் நின்று மறுகாலை ஆட்டினேன். அப்பா கடைக்குப் போகும் உடுப்போடு வந்து பார்த்தார்.

“இன்னும் வரல்லியா? கதவத் தட்டிப் பாருங்களன், புள்ளைக்கு என்னவாவது…”

அம்மா கையை நீட்டி அவரை மறித்தாள்.

“இரிக்கட்டும்,” என்றாள். “புள்ள ஆறுதலா இரிக்கட்டும்.”

கதவுக்குள்ளிருந்து, மெதுவாக, சென்றி ரேடியோவின் மெட்டுக்கு அக்கா முணுமுணுக்கும் சத்தம் கேட்டது.